படம் எந்த மாதம் எடுத்தது என்று கேளுங்கள்

2016 நவம்பரில் காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரிலிருந்து கிளம்பி, திருச்சியில் ஒரு விமானம், துபாயில் ஒன்று, ஜோகன்னஸ்பர்க்கில் ஒன்று என்று மூன்று ஏறி இறங்கி, நானும் எங்கள் வீட்டுச் செட்டியாரும் ஆப்பிரிக்காவில் போய்ப் பார்த்தது ஒரு காய்ந்த பாறை.

பெயர் என்னவோ விக்டோரியா அருவி. 1,708 மீட்டர் அகலம், 108 மீட்டர் உயரம். டூர்காரர் கொடுத்த புத்தகத்தின் அட்டையில் வெள்ளை வெளேரென்று கொட்டிக்கொண்டிருந்தது, மேலே வானவில் வேறு. ஜாம்பியா பக்கம் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் தங்கினோம். காலையில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு போய் நின்றால் எதிரே கறுப்புப் பாறை, மதில் மாதிரி. தூரத்தில் ஓர் ஓரமாக நூல் நூலாகத் தண்ணீர். மழைக்கோட்டுக்குள் வேர்த்ததுதான் மிச்சம். கூட வந்த வழிகாட்டிப் பையனுக்கே சங்கடமாகிவிட்டது. ஏப்ரலில் வந்திருந்தால் இதே இடத்தில் கண்ணைத் திறக்க முடியாது என்றான். அக்டோபர், நவம்பரில் ஜாம்பெசி ஆறு அடிமட்டத்துக்குப் போய்விடுமாம். இருக்கிற தண்ணீரும் ஜிம்பாப்வே பக்கம்தான் விழும். பாலத்தைத் தாண்டினால் ஜிம்பாப்வே. எங்கள் விசாவோ ஜாம்பியாவுக்கு மட்டும்.

ஊருக்கு வந்து ஆத்தாவிடம் படங்களைக் காட்டினேன். அப்போது அவருக்கு 84 வயது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பாறையப் பாக்கவா இம்புட்டுத் தொலவு போனிய? குன்றக்குடியில இல்லாத பாறையா?"

டூர்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. அருவியைக் காட்டுகிறேன் என்றார், காட்டினார். கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நான்தான் கேட்கவில்லை: அட்டையில் இருக்கிற இந்தப் படம் எந்த மாதம் எடுத்தது?

தாஜ்மகாலுக்கு எந்த மாதம் போனாலும் தாஜ்மகால் இருக்கும். அருவியும் பூவும் வான ஒளியும் அப்படி இல்லை. இது நமக்குத் தெரியாத விஷயமும் இல்லை. சித்திரையில் ஒரு விருந்தாளி வந்து உங்கள் ஊர் ஊரணியைக் காட்டுங்கள் என்றால், வெடித்த மண்ணையும் நான்கு ஆட்டையும் காட்டிவிட்டு, கார்த்திகையில் வாங்க என்போம். நம் ஊரணி விஷயத்தில் தெரிந்த சங்கதி ஜாம்பெசி விஷயத்தில் எனக்குத் தோன்றாமல் போனது என் தப்புதான்.

அதற்குப் பிறகு போன பயணங்களில் ஒன்றுகூட இப்படி மோசம் போகவில்லை. 31 வருடம் கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதியவள் நான், எதையும் ஒரு நோட்டில் எழுதாவிட்டால் தூக்கம் வராது. எங்கள் ஐயா பர்மாவில் மோல்மேனில் லேவாதேவி செய்தவர். அங்கிருந்து வீட்டுக்கு ஐந்தொகை என்கிற கணக்கு அறிக்கை எழுதி அனுப்புவாராம். அந்தப் பெயரைத்தான் என் நோட்டுக்கும் வைத்திருக்கிறேன். பழைய கணக்கில் அந்த ஐந்தும் வேறு. என் ஐந்து இவை: தண்ணீர், நிலா, நாள், முழங்கால், பணம். இதே வரிசையில்தான் எழுதுவேன். பணத்தை முதலில் எழுதினால் 'சலுகை விலை' என்று நவம்பரில் ஜாம்பியாவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

தண்ணீரில் தொடங்குகிறேன். அருவி என்றால் முதலில் மேலே அணை இருக்கிறதா என்று பாருங்கள். அணை இருந்தால் மழையோடு மதகையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் பக்கத்து உதாரணம் ஜோக் அருவி. 253 மீட்டர் விழுகிறது, ஆனால் சராவதி ஆற்றின் மேலே லிங்கனமக்கி அணை உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கூட லீவு என்று மே மாதம் போனால் அங்கேயும் பாறைதான். ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் வரை போங்கள், அதுவும் நான்கு நாள் நல்ல மழை பெய்த பிறகு.

நயாகராவுக்கே மதகுக் கணக்கு உண்டு என்றால் நம்புவீர்களா? நான் முதலில் நம்பவில்லை. 1950-ல் அமெரிக்காவும் கனடாவும் போட்ட ஒப்பந்தப்படி, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பகலில் விநாடிக்கு 1 லட்சம் கன அடியாவது அருவியில் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் 50,000 போதும், மீதி மின்சாரம் எடுக்கப் போகும். மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று தினமும் செய்தியில் கேட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று விளங்கும். 1969-ல் அமெரிக்கப் பக்கத்து அருவியை மண்ணணை போட்டு மொத்தமாக நிறுத்தியே பார்த்திருக்கிறார்கள், பாறையைச் சோதிக்க. ஆகவே நயாகராவைப் பகலில் பாருங்கள். இரவில் வண்ண விளக்கு போடுவார்கள், அது திருவிழா பார்ப்பது மாதிரி, தனிக் கணக்கு.

பூவுக்கும் இதே கதைதான். உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கு ஜூன் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும், ஆனால் பூ ஜூலை, ஆகஸ்டில்தான் கொட்டிக் கிடக்கும். குறிஞ்சியை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. மூணாறு மலையில் 12 வருடத்துக்கு ஒருமுறை பூப்பது, 2006-க்கு அப்புறம் 2018-ல் வந்தது. ஆகஸ்ட் கடைசிக்கு அறை போட்டிருந்தோம். அந்த ஆகஸ்டில்தான் கேரளாவில் பெருவெள்ளம், மூணாறு சாலையெல்லாம் சரிந்து கிடந்தது. அறைக்குக் கட்டிய பணம் போனால் போகிறது. அடுத்தது 2030. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.

நிலாவுக்கு வருகிறேன். இதற்கு எந்தச் செயலியும் வேண்டாம். அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் தினசரிக் காலண்டர் போதும். நமக்குப் பௌர்ணமி என்றால் ஆப்பிரிக்காவிலும் அதே இரவுதான், மிஞ்சினால் ஒரு நாள் முன்பின். நட்சத்திரம் பார்க்கப் போகிற பாலைவனத்துக்கும் லடாக்குக்கும் அமாவாசையை ஒட்டிப் போக வேண்டும். நிலவில் வானவில் பார்க்க வேண்டும் என்றால் பௌர்ணமி. ஆமாம், நிலவு வானவில் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, நாள். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பத்து நாளில் ஆறு நாடு என்று போடுவார்கள். வானத்தையும் மழையையும் நம்பிப் போகிற இடத்தில் ஒரே ஒரு நாள் தங்குவது சூதாட்டம். ஓரிடத்துக்கு எத்தனை நாள் என்று நினைக்கிறீர்களோ, அதோடு ஒன்றாவது கூட்டிக்கொள்ளுங்கள். அதற்காக ஓர் ஊரைக் குறைத்தாலும் பரவாயில்லை.

முதல்முறையாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஆப்பிரிக்காவோ அமெரிக்காவோ இல்லை, மலேசியா. நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம், கடைசியில்தான் போனோம். நம் ஐயாக்கள் கப்பலில் நாள் கணக்கில் போன ஊருக்குத் திருச்சியிலிருந்து நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூரில் இறங்கிவிடலாம். 2023 டிசம்பரிலிருந்து நமக்கு 30 நாள்வரை விசா வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். இந்தச் சலுகையை அவ்வப்போதுதான் நீட்டிக்கிறார்கள், டிக்கெட் போடும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை மட்டும் நிரப்ப வேண்டும். கோலாலம்பூரோடு திரும்பிவிடாதீர்கள். அங்கிருந்து போர்னியோ தீவில் மிரி, மிரியிலிருந்து காற்றாடி வைத்த சின்ன விமானத்தில் அரை மணி நேரம் காட்டுக்கு மேலே பறந்தால் முலு. ஊருக்குள் போக நல்ல சாலை கிடையாது. சரவாக் மாநிலத்தில் இறங்கும்போது பாஸ்போர்ட்டில் தனியாக இன்னொரு முத்திரை குத்துவார்கள், பயப்பட வேண்டாம்.

முலுவில் பார்க்க வேண்டியது மான் குகை. மர நடைபாதையில் மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், மெதுவாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். குகை வாசலுக்கு நூறு தப்படி இருக்கும்போதே எனக்கு வாடை அடித்தது. செட்டியாரைத் திரும்பிப் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு. பங்காளிகள் எல்லாம் வெளியூர் போய் 20 வருடம் பூட்டிக் கிடந்த வீட்டில், முன்னோருக்குப் படைப்பு வைப்பதற்காகக் கதவைத் திறந்து, வளவு முற்றத்தைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குள் காலை வைத்தால் முகத்தில் அறையுமே, அதே வௌவால் வாடை. அங்கே ஐம்பது வௌவால் இருக்கும். இங்கே 30 லட்சம் என்கிறார்கள்.

குகைக்குள் போனால் தலைக்கு மேல் நூறு மீட்டருக்கும் அதிகமான உயரம். எங்கள் கோயில் ராஜகோபுரத்தை உள்ளே நிறுத்தினால் சின்னப் பிள்ளை மாதிரி நிற்கும். கைப்பிடிக் கம்பியைத் தொடாதீர்கள், எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. மேலே பார்க்கும்போது வாயைத் திறக்காதீர்கள், அதற்கும் அதே காரணம். தலைக்கு ஒரு தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

குகையைவிட அந்தி நேரம்தான் முக்கியம். ஐந்து மணிக்கு வெளியே வந்து திறந்தவெளியில் பெஞ்சில் உட்கார வேண்டும். முதல் நாள் நான்கு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் வௌவால் வெளியே வராது. ஆறரை வரை உட்கார்ந்துவிட்டுத் தொப்பலாக நனைந்து திரும்பினோம். நாளைக் கூட்டி வைத்திருந்ததால் மறுநாள் மறுபடி போனோம். ஐந்தே முக்கால் இருக்கும். பாறை வாயிலிருந்து ஒரு கறுப்பு இழை வெளியே வந்தது. தறியில் நூல் கண்டைப் பிரித்துவிட்ட மாதிரி, வளைந்து, முறுக்கிக்கொண்டு, வானத்தில் போய்க்கொண்டே இருந்தது. அறுந்தது. இன்னொன்று வந்தது. ஒரு சுருள் தலைக்கு மேல் போகும்போது கேட்டது கத்தல் இல்லை, சலசலப்பு, பனை ஓலையில் காற்று நுழைகிற சத்தம். ஒரு பருந்து குறுக்கே பாய்ந்தது, மொத்த இழையும் நெளிந்து விலகிக்கொண்டது. அரை மணி நேரத்துக்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தன. திரும்புகிற வழி கும்மிருட்டு, டார்ச் கட்டாயம். செல்போன் வெளிச்சத்தை நம்பாதீர்கள், நான் நம்பி ஒரு படியைக் கோட்டை விட்டேன்.

வடதுருவ ஒளிக்கு நாள் கணக்கு இன்னும் முக்கியம். காரைக்குடியில் ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் கேட்டார், "மே லீவுக்கு நார்வே போறோம் ஆச்சி, அந்தப் பச்சை வெளிச்சம் எந்த ஊர்ல நல்லாத் தெரியும்?" எந்த ஊரிலும் தெரியாது என்றேன். நார்வேயின் வடக்கே இருக்கிற ட்ரோம்சோவில் மே 20 வாக்கில் மேலே வருகிற சூரியன் ஜூலை 20-க்குப் பிறகுதான் மறைகிறது. இருட்டே இல்லாத ஊரில் ஒளியை எங்கே தேடுவது? செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரைதான் அதற்குக் காலம். நடு டிசம்பரில் சூரியனே எழாது, பகலில் நமக்குப் பைத்தியம் பிடிக்கும். மார்ச்சில் பகலும் கிடைக்கும், இரவும் கிடைக்கும், அதனால் மார்ச்சையே சொல்வேன்.

2023 மார்ச்சில் நான்கு இரவுக்குப் போட்டிருந்தோம். முதல் மூன்று இரவும் மேகம். ட்ரோம்சோ கடலோர ஊர், மேகம் அங்கேயே தங்கிக்கொள்ளும். நான்காவது இரவு வேன்காரர் உள்நாட்டுப் பக்கம், பின்லாந்து எல்லையை நோக்கி ஓட்டினார். மலையைத் தாண்டினால் வானம் தெளிவாக இருக்கும் என்றார். இப்படித் துரத்திக்கொண்டு போகிற வண்டியையே பிடியுங்கள். ஊருக்குள் நின்று பார்க்கலாம் என்பதை நம்பாதீர்கள். எல்லை தாண்டினாலும் தாண்டுவார்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். மைனஸ் 18 டிகிரி. வேனிலேயே கனத்த உடுப்பும் பூட்ஸும் கொடுத்தார்கள். உள்ளே போட நீங்கள் கொண்டுபோக வேண்டியது கம்பளி உள்ளாடை. பருத்தி பனியன் ஆகாது, வேர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு அப்புறம் உடம்போடு விறைக்கும். சேலை கட்டாமல் நான் ஒரு முழு வாரம் இருந்தது வாழ்க்கையில் அப்போதுதான். செல்போனை உடம்போடு ஒட்டிய உள் பையில் வையுங்கள். வெளியே வைத்தால் 60 சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டே அணைந்துவிடும், என்னுடையது அணைந்தது.

இரவு பத்தே கால் மணி. கண்ணுக்கு முதலில் தெரிந்தது பச்சையே இல்லை. மழைக்கால விடியலில் விறகடுப்புப் புகை ஓட்டுக் கூரைக்கு மேல் கலையாமல் நிற்குமே, அந்த மாதிரி ஒரு சாம்பல் கீற்று. "இதுவா?" என்றார் செட்டியார். அவருடைய போனை வாங்கிப் படம் எடுத்தேன், அதில் பச்சையாக இருந்தது. மனசுக்குள் ஜாம்பியா பாறை வந்து போனது. கால் மணி நேரம் போயிருக்கும். அந்தக் கீற்று நடுவில் தடித்தது. சட்டென்று, கண்ணுக்கே, பச்சை. முற்றத்துக் கொடியில் காயும் கண்டாங்கிச் சேலையைக் காற்று உதறினால் கரை மட்டும் தனியாக ஓடுமே, அப்படி அடி விளிம்பு இளஞ்சிவப்பாக ஓடியது. சத்தமே இல்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது, இவ்வளவு பெரியது அசைகிறது, சத்தமே இல்லை. எட்டு, பத்து நிமிடம். திரும்பவும் புகையாகிவிட்டது.

கண்ணுக்குத் தெரிவதைவிட கேமரா அதிகம் காட்டும் என்று முன்பே தெரிந்து போனால் அந்த முதல் கால் மணி நேரம் வீணாக வருத்தப்பட மாட்டீர்கள். நமக்கு வெகு உயரத்தில், 100 கிலோமீட்டருக்கு மேலே, சூரியனிலிருந்து வரும் துகள்கள் ஆக்சிஜனில் மோதுவதால் வருகிற பச்சை அது. சூரியனின் சுறுசுறுப்பு ஏறக்குறைய 11 வருடத்துக்கு ஒரு சுற்று. 2024 அக்டோபரில் உச்சக் கட்டத்தில் இருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அந்த வருடம் மே 10 இரவு லடாக்கில் ஹான்லேயிலேயே வானம் சிவந்ததைக் கேமராக்கள் பிடித்தன. உச்சம் கழிந்த சில வருடங்களும் நல்ல வருடங்கள்தான், ஆகவே தள்ளிப் போடாதீர்கள்.

நான்காவது வரி முழங்கால். மூச்சையும் இதிலேயே சேர்த்துக்கொள்வேன். 2019 அக்டோபரில் மகன் வீட்டுக்கு அமெரிக்கா போனபோது கிராண்ட் கேன்யன் பார்த்தோம். 446 கிலோமீட்டர் நீளம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். லாஸ் வேகஸில் போய் ஒருநாள் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கவனியுங்கள். கண்ணாடித் தரை போட்ட பாலம் இருப்பது மேற்கு விளிம்பில், ஹுவாலபாய் மக்களின் நிலத்தில். படங்களில் நாம் பார்க்கும் அடுக்கடுக்கான செம்பள்ளம் தேசியப் பூங்காவின் தெற்கு விளிம்பில். இரண்டுக்கும் நடுவே காரில் நான்கு மணி நேரத்துக்கு மேல். 'கிராண்ட் கேன்யன்' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த விளிம்பு என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தெற்கு விளிம்பு ஏறத்தாழ கொடைக்கானல் உயரம், காலையில் ஸ்வெட்டர் வேண்டும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகத் தெரியும், சூரியன் எழும்போதும் விழும்போதும்தான் பள்ளம் பள்ளமாக ஆகும். அதனால் ஓர் இரவாவது அங்கேயே தங்குங்கள். கீழே இறங்கும் பாதை ஆசை காட்டும். மலை ஏறினால் களைத்ததும் திரும்பிவிடலாம், இங்கே களைக்கும்போது நீங்கள் கீழே இருப்பீர்கள். நாங்கள் அரை மணி நேரம் இறங்கினோம், ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இறங்க ஒரு பங்கு, ஏற இரண்டு பங்கு என்று கடிகாரத்தைப் பார்த்துத் திரும்புங்கள். கோடையில் அடியில் 40 டிகிரி தாண்டும், அப்போது இறங்கவே வேண்டாம்.

பொலிவியாவின் உயுனி உப்புப் பாலைவனம் என் நோட்டில் இருந்து அடித்துவிட்ட ஊர். பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் உப்பு, ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழைத் தண்ணீர் நின்று வானம் தரையில் தெரியும். ஆனால் 3,650 மீட்டர் உயரம், லடாக்கின் லே நகரத்தைவிட அதிகம். செட்டியாருக்கு ரத்த அழுத்தம். டாக்டர் தலையை ஆட்டவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. போகிறவர்கள் ஒரே மூச்சில் மேலே போகாமல் நடுவில் இரண்டு நாள் தங்கி, முதல் நாள் படுத்தே கிடந்து, பிறகு ஊர் சுற்றுங்கள். தென் அமெரிக்காவின் பல நாடுகளுக்கும் ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கும் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டிருக்க வேண்டும், திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலேயே சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும், ஆனால் ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அவரவர் பெட்டி அவரவருக்குத் தெரியும். ஒரே விசாவில் ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் போகிற ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ அளவு மருத்துவக் காப்பீடு கட்டாயம். கட்டாயமில்லாத நாட்டுக்கும் எடுங்கள், 60 வயதுக்கு மேல் அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஷெங்கனுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனு போடலாம். விசா வந்த பிறகு விமான டிக்கெட் என்று காத்திருந்தால் விலை ஏறும், முன்பே போட்டால் விசா வராமல் போகலாம். ரத்து செய்யக்கூடிய அறையையும் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டையும் போடுவது என் வழக்கம்.

சாப்பாடு. பருப்புப் பொடி, மோர் மிளகாய், சீப்புச்சீடை, மனகோலம், இவை நான்கும் இருந்தால் எந்த நாட்டிலும் ஐந்து நாள் ஓடும். ட்ரோம்சோவில் ரொட்டியில் வெண்ணெய் தடவிப் பருப்புப் பொடி தூவித் தின்றோம். பக்கத்து மேசைப் பெண் ஒரு கரண்டி கேட்டு வாங்கிப் போனாள். ஆனால் நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் இறங்கும் படிவத்தில் உணவு இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். நியூசிலாந்தில் சொல்லாமல் கொண்டுபோய் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். எழுதிவிட்டால் பார்த்துவிட்டு, பெரும்பாலும் பொடியை விட்டுவிடுவார்கள். ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியில் வைக்காதீர்கள். எங்கள் ஆச்சியின் பட்டுச் சேலை ஒன்று இன்னமும் எலுமிச்சை ஊறுகாய் மணக்கிறது.

விக்டோரியாவை அப்படியே விட்டுவிட்டேனா என்று கேட்பீர்கள். இல்லை. 2018 சித்ரா பௌர்ணமிக்கு மறுபடி போனோம், இந்தத் தடவை ஜிம்பாப்வே பக்கம். தண்ணீரும் நிலாவும் சேருகிற நாளாகக் காலண்டரில் தேடிப் பிடித்தது. மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குகிற நிலா, இங்கே ஜாம்பெசிக்கு மேலே நின்றது. பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் மட்டும் பூங்காவை இரவில் திறந்து, காவலரோடு கூட்டிப்போகிறார்கள். இருட்டில் சத்தம் முன்னால் வந்தது, தரை காலுக்கடியில் அதிர்ந்தது. அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் மோசி ஓ துன்யா, இடி முழங்கும் புகை. நிலாவுக்கு முதுகைக் காட்டி நின்றோம். சாரலுக்குள் வெள்ளையாக ஒரு வில், அழித்த கோலத்தின் தடம் மாதிரி. கொஞ்ச நேரம் பார்த்தால் வெளி ஓரத்தில் லேசாகச் சிவப்பு இருக்கிறதோ என்று தோன்றும். செட்டியார் ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில், "அந்த டூர்காரருக்கு நன்றி சொல்லணும்" என்றார்.

ஆனால் ஒன்று. மறுநாள் பகலில் போனால் அருவியையே காணோம். தண்ணீர் அவ்வளவு அதிகம், கீழிருந்து எழும்பிய சாரல் எல்லாவற்றையும் மூடிவிட்டது. முழு அகலத்தையும் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பவர்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போங்கள், தண்ணீரும் போதுமான அளவு இருக்கும், கண்ணுக்கும் தெரியும். ஏப்ரல், மே நிலவு வானவில்லுக்கும் நனைவதற்கும். போனை நல்ல பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். மழைக்கோட்டு வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

ஊருக்கு வந்ததும் ஆத்தாவிடம் அந்தப் பகல் படத்தைப் பெருமையாக நீட்டினேன். மேலும் கீழும் வெள்ளை, ஓரத்தில் ஒரு மரக்கிளை, நடுவில் மழைக்கோட்டோடு நான். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இட்லிக் கொப்பரையத் தொறந்தாப்புல இருக்கு. அருவி எங்க?"

"அந்தப் புகைக்குள்ளதான் இருக்கு ஆத்தா."

"போன தடவ பாறை. இந்தத் தடவ ஆவி" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "அதுக்கு நடுவுல ஒரு மாசம் இருக்குமில்ல?"